நாற்பத்தேழு ஓட்டும் பதினைந்து ரவுண்டும்

ஒரு மாநில முதலமைச்சருக்கு என்னென்ன வேலை என்று பட்டியல் போட்டால் நில வரி வரும், சாலை வரும், பள்ளிக்கூடத் திறப்பு விழா வரும். உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை வராது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து மந்திரி பெசார் டத்தோ ஹாருன் இட்ரிஸ் போட்ட பட்டியலில் அது வந்தது. 1975 ஜூலை 1-ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகமது அலி, ஜோ பக்னரைப் பதினைந்து ரவுண்டும் துரத்தித் துரத்திக் குத்தினார். அன்றைய போட்டியில் அதிக அடி வாங்கியவர் பக்னர் அல்ல, போட்டியைக் கொண்டுவந்த மந்திரி பெசார்தான். அவருக்கு விழவேண்டிய அடி சற்றுத் தாமதமாக விழுந்தது, அவ்வளவே.

ஹாருன் 1925-ல் பிறந்தவர். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படிப்பு, லண்டனில் பாரிஸ்டர் பட்டம், திரும்பி வந்து அரசு சட்டத்துறையில் உத்தியோகம், சிலாங்கூரின் சட்ட ஆலோசகர் பதவி என்று ஒழுங்காகத்தான் ஏறி வந்தார். 1964-ல் அபு பக்கார் பகிண்டா இறங்க, அந்த நாற்காலியில் இவர் உட்கார்ந்தார். சட்டத்தின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர் முதல்வராவது மாநிலத்துக்கு நல்லதா, சந்துபொந்துக்கு நல்லதா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஆள் சும்மா இருந்தவரும் அல்ல. பதவிக்கு வந்த ஆண்டே மாநில வளர்ச்சிக் கழகம் பிறந்தது. ஷா ஆலம் நகரம் எழும்பத் தொடங்கியது. சுங்கை வேயில் சுதந்திர வணிக வட்டாரம் வந்தது. கம்பத்து, அதாவது கிராமத்து, பெண்கள் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு மின்னணுத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்த காலம் அது. போதாக்குறைக்குக் கால்பந்து. சிலாங்கூர் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் அவர்தான். மலேசியாக் கிண்ணம் வீட்டுச் சொத்து என்று சிலாங்கூர்க்காரர்கள் நினைக்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். தொகுதிக்குச் சாலை போட்டால் ஓட்டுக் கிடைக்கும், கிண்ணம் வென்றால் கூட்டமே கிடைக்கும் என்பது அவருக்கு மற்றவர்களைவிட முன்பே புரிந்தது. ஹாருனுக்குக் கூட்டம் பிடிக்கும். கூட்டத்துக்கும் ஹாருனைப் பிடிக்கும். அவர் கதை முழுக்க இந்த இரண்டு வரிதான்.

அதில் ஓர் இடத்தில் மட்டும் சிரிக்க முடியாது. 1969 தேர்தலில் சிலாங்கூர் சட்டமன்றத்தில் ஆளும் கூட்டணிக்கு 14, எதிர்த்தரப்புக்கு 14 என்று சமமாக நின்றது. எதிர்க்கட்சிகள் வெற்றி ஊர்வலம் போயின. அதற்குப் பதில் ஊர்வலத்துக்காக மே 13 மாலை ஹாருனின் கட்சியான அம்னோவின் ஆதரவாளர்கள் திரண்ட இடம், கம்போங் பாருவுக்குப் பக்கத்தில் ராஜா மூடா சாலையில் இருந்த மந்திரி பெசாரின் வீட்டு வாசல். அன்று மூண்ட கலவரத்தில் இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 196 பேர். நாடாளுமன்றம் முடங்கியது, பிரதமர் துங்குவின் காலம் முடிவுக்கு வந்தது. ஹாருன் மந்திரி பெசாராகவே நீடித்தார். இரண்டு ஆண்டில் அம்னோ இளைஞர் அணித் தலைவரும் ஆனார். அந்த மாலைக்கு அவர் எவ்வளவு பொறுப்பு என்று இன்றும் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள். வாசலில் கூட்டம் கூடியிருக்கும்போது வீட்டுக்காரருக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

1974 பிப்ரவரி 1-ல் சிலாங்கூர் தன் தலைநகரைத் தூக்கி மத்திய அரசிடம் கொடுத்தது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. கையெழுத்துப் போட்ட சுல்தான் கண்ணீர் விட்டார் என்பார்கள். பின்னாளில் நெடுஞ்சாலையில் எல்லையைக் காட்ட ஒரு பெரிய வளைவும் கட்டினார்கள். தலைநகர் போனால் போகட்டும், அதிலிருக்கும் ஜனங்களையாவது தன் பக்கம் இழுப்போம் என்று ஹாருன் நினைத்தாரோ என்னவோ, அடுத்த வருடம் அலி வந்தார்.

1975 மெர்டேக்கா அரங்கத்துக்கே யோகமான வருடம். மார்ச்சில் அங்கேதான் இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்று ஹாக்கி உலகக் கோப்பையைத் தூக்கியது. மூன்றரை மாதம் கழித்து அதே அரங்கில் மேடை கட்டிக் கயிறு இழுத்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அது இரவுக் காட்சியாக அமைய வேண்டுமே, அதனால் கோலாலம்பூரில் காலையில் சண்டை. அந்த ஊர்ப் புழுக்கத்தில் நடந்து போனாலே சட்டை நனையும். அவர்கள் பதினைந்து ரவுண்டு குத்திக்கொண்டார்கள். பக்னர் பெரும்பாலும் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். மூன்று நடுவர்களும் அலிதான் ஜெயித்தார் என்றார்கள். இதுதான் கடைசிச் சண்டை, ஓய்வு பெறப்போகிறேன் என்று அங்கே வந்து அறிவித்திருந்த அலி, அக்டோபரில் மணிலாவில் ஃபிரேசியரோடு மோதிக்கொண்டிருந்தார். அரசியல்வாதிகள் மட்டும்தான் ஓய்வை அறிவித்துவிட்டு வருவார்கள் என்று யார் சொன்னது?

சரி, பணம்? அலிக்கு மட்டும் சுமார் 20 லட்சம் அமெரிக்க டாலர். இந்த இடத்தில் பேங்க் ராக்யாட் மேடைக்கு வருகிறது. விவசாயிகளும் மீனவர்களும் வட்டிக்காரனிடம் மாட்டாமல் இருக்கத் தொடங்கப்பட்ட கூட்டுறவு வங்கி. அதற்குத் தலைவர், வேறு யார், ஹாருன். போட்டியை நடத்தக் கிளம்பிய நிறுவனத்துக்காக வங்கியின் பங்குப் பத்திரங்கள் அடமானத்துக்குப் போயின. அந்த முடிவை எடுத்ததாகச் சொல்லப்பட்ட கூட்டத்தின் குறிப்பே பிறகு புனையப்பட்டது என்று வழக்கும் வந்தது. ஒரு மீனவர் வலை வாங்கக் கடன் கேட்டு அந்த வங்கி வாசலில் எத்தனை முறை நின்றிருப்பார்! அவருக்குப் பக்னரைத் தெரியாது, அலியைத் தெரிந்திருக்கலாம்.

இதைவிட ருசியான சங்கதி, போட்டிக்குக் கொஞ்சம் முன்னால் அதே ஆண்டு ஜூனில் நடந்தது. அம்னோவில் மூன்று உதவித் தலைவர் பதவிகளுக்குத் தேர்தல். கஃபார் பாபா, ரசாலி ஹம்சா வென்றார்கள். மூன்றாமிடத்துக்கு 474 ஓட்டு, நான்காமிடத்துக்கு 427. நான்காவது ஹாருன். மூன்றாவது மகாதீர் முகமது. 1976 ஜனவரியில் பிரதமர் ரசாக் இறந்து, ஹுசேன் ஓன் பிரதமராகி, தன் துணைப் பிரதமரை அந்த மூன்று உதவித் தலைவர்களுக்குள்ளேயே தேடினார். மகாதீரைப் பிடித்தார். அந்த 47 ஓட்டில் பாதிக்கு மேல் மனம் மாறியிருந்தால் மலேசியாவின் அடுத்த நாற்பது ஆண்டுக் கதையை வேறு யாராவது எழுதவேண்டியிருக்கும்.

ஐக்கிய நாடுகள் சபைக்குத் தூதராகப் போய்விடுங்கள் என்று ரசாக் உயிரோடு இருந்தபோதே நயமாகச் சொல்லிப் பார்த்தார் என்பது பரவலான சேதி. ஹாருன் மறுத்தார். நியூயார்க்கில் கூட்டம் உண்டுதான், ஆனால் அது அவருடைய கூட்டம் அல்லவே. 1975 நவம்பரில் குற்றச்சாட்டுகள் வந்தன. மறு மார்ச்சில் கட்சி நீக்கியது, மந்திரி பெசார் நாற்காலியும் போயிற்று. மாநில நிலம் கேட்ட ஹாங்காங் ஷாங்காய் வங்கியிடம் இரண்டரை லட்சம் வெள்ளி வாங்கிய வழக்கில் மே மாதம் தீர்ப்பு. அது எனக்கில்லை, கட்சிக்கு நன்கொடை என்பது அவர் வாதம். நீதிபதி ராஜா அஸ்லான் ஷா இரண்டு ஆண்டுச் சிறை என்றார். பின்னாளில் பேராக் சுல்தானாகி மாமன்னராகவும் ஆன அந்த நீதிபதி, ஹாக்கிப் பிரியர். குத்துச்சண்டைக்காரர் ஹாக்கிக்காரர் முன்னால் நின்றது விதி. குத்துச்சண்டைப் பணத்தைப் பற்றிய அடுத்த வழக்கில் முதலில் ஆறு மாதம்தான் கிடைத்தது. மேல்முறையீட்டில் அது நான்கு ஆண்டாக வளர்ந்தது. சட்டம் படித்தவருக்கு மேல்முறையீட்டின் மகிமை தெரியாமல் போயிற்று பாருங்கள்.

தண்டனை பெற்றவரை எந்தக் கட்சியும் தள்ளித்தானே வைக்கும்? அம்னோ அதே 1976 அக்டோபரில் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 1978-ல் அவர் சிறைக்குள் போன சில மாதங்களில், கட்சித் தலைவர் பதவிக்கு ஹுசேன் ஓனையே எதிர்த்து சுலைமான் பாலஸ்தீன் என்ற பழைய தொண்டர் நின்று 250 ஓட்டு வாங்கினார். அவை ஹாருனின் அனுதாபிகள் போட்டவை என்று அப்போதே பேச்சு. 1981-ல் ஹாருனே சிறையில் இருந்தபடி உதவித் தலைவர் பதவிக்கு நின்றார். தோற்றார், ஆனாலும் கேவலமாகத் தோற்கவில்லை. வெளியே சுதந்திரமாகத் திரிந்து கைகுலுக்கிய எத்தனையோ பேருக்கு அந்த ஓட்டு விழவில்லை.

அந்த ஜூலையில் மகாதீர் பிரதமரானார். சில நாளில் ஹாருன் சிறையை விட்டு வெளியே வந்தார், பிறகு மாமன்னரின் முழு மன்னிப்பும் வந்தது. 47 ஓட்டில் தன்னைத் தோற்கடித்தவர் கதவைத் திறந்துவிட்டதற்கு ஹாருன் எப்படி நன்றி சொன்னார்? 1987-ல் மகாதீரைக் கவிழ்க்கக் கிளம்பிய ரசாலியின் அணியில் உதவித் தலைவர் வேட்பாளராக நின்றார். ஹாருன் தோற்றார், ரசாலியும் தோற்றார். மகாதீருக்கு 761, ரசாலிக்கு 718. இந்த முறை வித்தியாசம் 43.

டத்தோ ஹாருன் 2003 அக்டோபரில் காலமானார். பேங்க் ராக்யாட் பிழைத்துக்கொண்டது. இன்று அது இஸ்லாமிய முறையில் நடக்கும் பெரிய கூட்டுறவு வங்கி.