ஒரு பெஞ்சுக்கு ஒருவர்

2021 ஜனவரி 19. பத்து மாதக் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு தமிழகத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. வகுப்புக்கு 25 பேர்தான். கூடவே வைட்டமின், ஜிங்க் மாத்திரை. பூந்தமல்லியில் ஒரு தனியார் பள்ளியின் ஒழுங்கைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டர். வெயில் வரிசையில் நின்ற பையனுக்குக் காய்ச்சல் காட்டினால், வேப்பமரத்தடியில் ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள், பூரண குணம். இந்த வைத்தியத்தை உலக சுகாதார நிறுவனம் இன்னும் கண்டுகொள்ளாதது வருத்தம்தான். இரவல் பேனாவுக்குத் தடை. "தள்ளி நில்லுங்கடா!" என்று பி.டி. மாஸ்டர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கத்துவார். பின்னே, காதில் விழ வேண்டாமா?

மணி அடித்ததும் வைரஸுக்கும் பள்ளி விடும். பஸ் ஸ்டாண்டு ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர். "இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்கப்பா." கிருமி நுழையத்தான் இடமேது!

பிப்ரவரி 25-இல் அன்றைய முதல்வர் அறிவித்தார்: 9, 10, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வே கிடையாது, எல்லோரும் பாஸ். பள்ளியும் மனமார வரவேற்றது. மறுநாளே பெற்றோருக்குக் குறுஞ்செய்தி: தேர்வுக் கட்டணத்துக்கு நாளை கடைசி நாள், சமூக இடைவெளியுடன் வரிசையில் வரவும்.