குமுதினி ஓடாத நாள்

கேள்வி: அலுவலகக் கமராக்களையும் கதவுப் பூட்டுகளையும் மேய்க்கும் மென்பொருளை இரண்டு சேர்வர் கொண்ட கிளஸ்டரில் போட்டிருக்கிறோம். ஒன்று விழுந்தால் மற்றது தானாக எழும்பும் என்கிறார்கள். நம்பலாமா?
– ஒரு வாசகர், குறிகட்டுவான்

பதில்: குறிகட்டுவானில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! உங்கள் துறையிலிருந்து நெடுந்தீவுக்குக் குமுதினிப் படகு ஓடாத நாளில் வடதாரகையோ நெடுந்தாரகையோ வந்தால் சனம் ஏறிப் போகிறது. படகு மாறினாலும் இறங்குதுறை மாறுவதில்லை. ஆகவே கமராக்களுக்குச் சேர்வரின் சொந்த முகவரியைக் கொடுக்காதீர்கள், கிளஸ்டரின் பொது ஐபி முகவரியைக் கொடுங்கள். உயிரோடிருக்கும் சேர்வர் அதை எடுத்துக்கொள்ளும். பதிவுகளும் இரண்டுக்கும் பொதுவான டிஸ்க்கில் இருக்கட்டும். மூட்டையைக் குமுதினியில் வைத்துவிட்டு நெடுந்தாரகையில் தேடுவதா?

சேர்வர் சாவதைவிட ஆபத்து, இரண்டுக்கும் இடையிலான கேபிள் அறுவது. 'மற்றவன் போய்விட்டான்' என்று இரண்டுமே நினைத்து ஒரே டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். ஒரு சுக்கானுக்கு இரண்டு ஓட்டிகள்! அதற்குத்தான் மூன்றாவதாக, வாக்குப் போட ஒரு சாட்சி. பெரும்பான்மை வாக்குக் கிடைக்காத சேர்வர் பேசாமல் ஒதுங்கிவிடும்.

மென்பொருளின் லைசென்ஸ் ஒரே இயந்திரத்துக்குத்தானா என்றும் பாருங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, எல்லோருக்கும் சொல்லிவிட்டு, ஓடுகிற சேர்வரின் வயரைப் பிடுங்குங்கள். சோழகக் காற்று அடிக்கிற நாளில் இந்தப் பரீட்சை வேண்டாம்.