தண்டமும் சிட்சையும்

கேள்வி: பனிஷ், சாஸ்டைஸ், காஸ்டிகேட், பீனலைஸ் எல்லாமே தண்டனைதானே? வெள்ளைக்காரனுக்கு ஒரு சொல் போதாதா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: தண்டிப்பதில் அத்தனை அனுபவம் பெற்றவர்களுக்கு ஒரு சொல் எப்படி ஐயா போதும்? குற்றத்துக்கு ஈடாகத் துன்பம் விதிப்பது பனிஷ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரி நடுவட்டத்தில் சிறை வைத்துச் சீனக் கைதிகளைச் சிங்கோனாத் தோட்டத்தில் உழைக்கவிட்டார்களே, அது. சாஸ்டைஸ், தூய்மை எனப் பொருள்படும் லத்தீன் மூலத்தில் உதித்துப் பிரம்பால் திருத்த முற்படுவது. அதன் உடன்பிறப்பாகிய காஸ்டிகேட்டோ பிரம்பைக் கீழே வைத்துவிட்டு நாவினால் மட்டும் அடிப்பது. கொழுந்தோடு முற்றிய இலை கலந்திருக்கக் கண்ட மேஸ்திரி, கூடையைக் கவிழ்த்து, நிரையிலுள்ள பெண்கள் அனைவரும் கேட்க நிகழ்த்தும் பிரசங்கம் இந்த ஜாதி. பீனலைஸுக்குக் கோபமே கிடையாது. கணக்குப்பிள்ளையின் பேனா போதும். அந்தப் பேனாவுக்கும் கடிவாளமாக, 1936-ஆம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டலாகாது, 15 வயது நிரம்பாதவருக்கு விதிக்கவே கூடாது என்றது.

நம்மவர் சிக்கனக்காரர். வடமொழியில் கல்வியைக் குறித்த சிட்சையையே அடிக்கும் பெயராக்கினோம் (திண்ணைப் பள்ளியில் படித்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்). கோல், அபராதம், வீண்செலவு, காலில் விழுதல் நான்குக்கும் தண்டம் ஒன்றே.

அடுத்த கடிதத்துக்காவது போதிய தபால்தலை ஒட்டுங்கள். இதற்குத் தபால்காரர் என்னிடம் வாங்கியதும் தண்டம்தான்.