புதுக்கடைக்கு எந்த பஸ்?

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவு படிக்கிறேன். லோயராக வேண்டும் என்பது ஆசை. புதுக்கடைக்கு எந்த பஸ்ஸில் ஏறுவது? (மாணவி, ஹந்தானை)

மூன்று பஸ் இருக்கிறது, தங்கச்சி. எதில் ஏறினாலும் கடைசித் தரிப்பிடம் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைதான். இசட் புள்ளி கைகொடுத்தால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் சட்டமாணிப் பட்டம் படிக்கலாம். அல்லது 1874 முதல் நடக்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையை எழுதலாம். மொழிக்கு ஒரு வினாத்தாள், பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் இன்னொன்று. மூன்றாவது திறந்த பல்கலைக்கழகம். அதன் கண்டி நிலையம் பொல்கொல்லையிலேயே இருக்கிறது.

நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் எடுத்தவருக்கு நுழைவுப் பரீட்சைதான் இல்லையே தவிர, சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை அவரும் எழுத வேண்டும். பிறகு மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். நுழைவுப் பரீட்சை எழுதிச் சட்டக் கல்லூரிக்குப் போக நினைத்தால் சாதாரண தரத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி வேண்டும். ஆகவே தங்கை, தம்பி யாராவது சாதாரண தரம் படித்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி: என் மகள் சரியான வாயாடி. "இவள் வக்கீலுக்குத்தான் லாயக்கு" என்கிறார்கள். நம்பலாமா? (தகப்பன், கலஹா)

பாதி நம்பலாம், ஐயா. மீதிப் பாதிக்குக் காதும் கண்ணும் வேண்டும். நாற்பது வருடம் கொழுந்து பறித்த அம்மா ஒருவர் பிளாஸ்டிக் பை நிறையக் கடதாசியோடு வந்து உட்காருகிறார் என்று வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் "மாரியாயி", அடையாள அட்டையில் "மாரியாய்", தோட்டத்துப் பெயர்ப்பதிவேடான செக்ரோலில் வெறும் "மாரி". மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபித்தால்தான் சேமலாப நிதி கைக்கு வரும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் சேர வேண்டும். அதையும் கணக்குப் பார்த்துக் கேட்க வேண்டும். அந்த அம்மா கதையை முதலிலிருந்து சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்டு, ஒவ்வொரு கடதாசியிலும் திகதியைப் பார்க்கிற பொறுமை உங்கள் மகளுக்கு இருந்தால், வாயாடித்தனம் உபரி வருமானம்!

கேள்வி: தோட்டத்துப் பிள்ளைக்குச் சட்டம் எதற்கு? கணக்கியல் படித்தால் வேலை கிடைக்குமே? (ஆசிரியர், கட்டுகஸ்தோட்டை)

கணக்கியல் நல்ல படிப்பு, சேர். ஆனால் நம் கணக்கில் பாதி நீதிமன்றத்தில்தான் கிடக்கிறது. மடுல்கலையில் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறினார். 1937இல் ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். அவருக்காக எச். வி. பெரேரா வாதாடினார், உயர் நீதிமன்றம் ஆளுநரின் உத்தரவு செல்லாது என்றது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். விசாரணை ஆணைக்குழு முன்னால் அவருடைய மனைவிக்காக நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. றுவன்வெல்லை வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கோடாக்கன் பிள்ளை என்பவர் இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போனார். 1953இல் தோற்றார். மிஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்காமலே சட்டம் நம் லயத்துக்குள் நுழைந்திருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்த லயத்திலிருந்தே வரட்டும் என்கிறேன்.

கேள்வி: சிங்களம் பேசுவேன், எழுத வராது. கண்டி கோர்ட்டில் தாக்குப்பிடிக்க முடியுமா? (இளைஞர், நாவலப்பிட்டி)

எழுதப் பழகுங்கள், தம்பி, இன்றே. நம் பக்கத்து நீதிமன்றங்களில் வழக்கு சிங்களத்தில் நடக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தமிழில் வழக்குத் தொடுக்கவும், அரசின் செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை தருகிறது. அந்த உரிமையை எழுந்து நின்று கேட்கும் சட்டத்தரணிக்கு மூன்று மொழியும் தெரிந்திருந்தால் கட்சிக்காரருக்கு அது பெரும் பலம். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த 2020இல் வெளியான ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. அதற்காக ஆங்கிலத்தைக் கைவிடாதீர்கள். தீர்ப்புத் தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

கேள்வி: தமிழர் என்பதால் எங்களுக்கும் தேசவழமைதானே? (மாணவர், கம்பளை)

இல்லை. தேசவழமை வட மாகாணத் தமிழருக்குரியது. கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம். மலையகத் தமிழருக்கு ரோமன்-டச்சுச் சட்டத்தை அடியாகக் கொண்ட பொதுச் சட்டம். கண்டியில் ஒரே தெருவில் மூன்று வீட்டில் மூன்று விதமாகச் சொத்துப் பிரியலாம். சட்டம் படிக்க இதைவிடச் சுவையான ஊர் கிடைக்காது!

கேள்வி: கோர்ட்டில் பேச எனக்குக் கூச்சம். சட்டம் படித்து என்ன செய்யலாம்? (பல்கலைக்கழக மாணவி, பேராதனை)

நொத்தாரிசாகலாம். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி கேட்டு நிற்கும் மலையகத்தில் உறுதி எழுதத் தெரிந்தவருக்கு வேலை குறையாது. சட்டவரைஞர் திணைக்களத்தில் சட்டமே எழுதலாம். வங்கி, கம்பனி, சட்ட உதவி ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு என்று வாசல்கள் பல. கூச்சம் போய்விட்டால் சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டவாதியாகலாம், நீதிச்சேவைப் பரீட்சை எழுதி நீதவானும் ஆகலாம். 1933இல்தான் சட்டம் மாறி இந்நாட்டுப் பெண்களுக்கு இந்தத் தொழில் திறந்தது. திறந்த கதவைக் கூச்சம் மூடிவிடக் கூடாது.

கேள்வி: கண்டி டவுனிலேயே வெளிநாட்டுச் சட்டப் பட்டம் தருகிறார்களாம். மகனைச் சேர்க்கவா? (தாய், புசல்லாவை)

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அம்மா. அந்தப் பட்டத்தைக் கொண்டு சட்டக் கல்லூரிக்குள் எப்படிப் போவது, என்னென்ன பரீட்சை மிஞ்சும் என்று சட்டக் கல்லூரியிடமே எழுத்தில் கேளுங்கள். விளம்பரத் தாளைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நகையை அடகு வைக்கும் முடிவுக்கு ஒரு முத்திரைச் செலவு பெரிதல்ல.

கேள்வி: தோட்ட ஒபிசில் கிளார்க். வயது முப்பத்து நான்கு. பிந்திவிட்டேனா? (பெயர் வேண்டாம், தெல்தோட்டை)

செக்ரோலும் சம்பளச் சீட்டும் கைப்பட எழுதியவர் நீங்கள். எந்தத் தொழிலாளியின் எந்த உரிமை எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது என்று புதிதாய்க் கோட்டுப் போட்டவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வேலையை விடாமலே திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். தெரிவுப் பரீட்சை அறிவித்தல் வந்ததும் விண்ணப்பியுங்கள். அடுத்த கேள்வியை முதலாம் வருட மாணவராக அனுப்புங்கள். அப்போது பெயரையும் போடுங்கள்.