இன்னும் பத்து வண்டிகள் வாங்கும்வரை

அனுப்புநர்: 1981ஆம் ஆண்டில் பதிவான அம்பாசிடர் மார்க்-4 ஒன்றின் உரிமையாளர்.

பெறுநர்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

பொருள்: எஞ்சின் மாற்ற அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. 2) மேஸ்திரியின் வாய்மொழி அறிக்கை, நாளிடப்படாதது.

ஐயா,

என் வண்டியின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் ரீபோர் தாங்கும் அளவையெல்லாம் தாண்டிவிட்டது. ஸ்லீவ் போட்டும் ஓட்டியாகிவிட்டது. இப்போது அது பெட்ரோலோடு சேர்த்து ஆயிலையும் குடிப்பதைப் பார்த்த மேஸ்திரி, "சார், இதுக்கு மேல இதுல கை வச்சா என் பேருதான் கெடும்" என்று ஒதுங்கிக்கொண்டார். வேறு எஞ்சின் தேட வேண்டிய நிலை. மற்றவர்கள் குதிரைத்திறன், டார்க், எடை என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்களாம். நல்ல குடிமகன் என்பதால் நான் முதலில் சட்டத்தைத் திறந்தேன்.

திறந்ததுமே மனம் குளிர்ந்தது. அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சின் என்றால் உங்கள் முன் அனுமதி இல்லாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு ஒருவருக்கு அதிகாரம் அளிக்கலாம் என்கிறது பிரிவு 52. நிபந்தனை ஒன்றுதான்: அவரிடம் குறைந்தது பத்துப் போக்குவரத்து வாகனங்கள் இருக்க வேண்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது. அதுவும் சொந்த உபயோகத்துக்கானது, ஆகவே கணக்கில் வராது. புதுப்பேட்டையில் ஒரு பழைய எஞ்சின் வாங்கப் புறப்பட்டவன், முதலில் ஒரு டாக்சி கம்பெனி தொடங்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

சரி, அனுமதி கேட்டே மாற்றுவோம் என்றால், அதே 1489 சிசி எதற்கு? சுமார் ஐம்பது குதிரை. அதிலும் பாதி குதிரைகள் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி நடந்துவிடும். என் கண் இருப்பது 1817 சிசி இசுசூ எஞ்சின்மேல். இது வெளியூர்ச் சரக்கு அல்ல, ஐயா. என் வண்டியைச் செய்த அதே கம்பெனி, இதே அம்பாசிடருக்குள் 1990களில் தானே வைத்து விற்றது. கான்டெஸாவிலும் இதுதான் ஓடியது. சுமார் 75 குதிரை, ஐந்து கியர். கூடு ஏறக்குறைய அதேதான் என்பதால் எஞ்சின் மவுண்டிங், ரேடியேட்டர், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் கம்பெனி வழியே ஒரு முன்மாதிரி இருக்கிறது. லேத் பட்டறையில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது குறைவு. பழைய வண்டிக்கு எஞ்சின் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல சம்பந்தம் அமையாது.

ஆனால் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது சட்டம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. என் ஆர்.சி. புக்கில் இருப்பது 1489. ஆகவே முரண்.

இங்கேதான் எனக்கு ஒரு சிறு ஐயம். அந்த உற்பத்தியாளரின் யோக்கியதையைச் சற்றுப் பாருங்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் கூட்டை வாங்கி 1950களின் கடைசியில் தொடங்கினார்கள். முதலில் சைடு வால்வு எஞ்சின். பிறகு ஓவர்ஹெட் வால்வு. பிறகு அதே உடம்பில் டீசல். பிறகு இசுசூ பெட்ரோல். அதுவும் போதாதென்று இரண்டு லிட்டர் இசுசூ டீசல். நாட்டிலேயே அதிக முறை எஞ்சின் மாற்றப்பட்ட கார் எது என்று போட்டி வைத்தால் பரிசு அவர்களின் உத்தரப்பாரா தொழிற்சாலைக்குத்தான் போகும். அவர்கள் செய்தால் அதற்குப் பெயர் புதிய மாடல், நான் செய்தால் பிரிவு 52. கம்பெனியையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றால், 2014 மே மாதத்தில் தொழிற்சாலைக் கதவைச் சாத்திவிட்டார்கள். 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிப் போனார்கள். பாரிஸுக்கு எழுதவா என்பதைத் தெரிவிக்கவும்.

பட்டறையில் வேலை பழகும் தம்பிகள் டொயோட்டா 2ஜேஇசட் போடலாம் என்று துடிக்கிறார்கள். மூன்று லிட்டர், இரட்டை டர்போ, ஜப்பானிய வடிவில் 280 குதிரை. இந்த இடத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. என் வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங். ஐம்பது குதிரைக்கு வடிவமைத்த ஆக்ஸில். அந்த எஞ்சினை அதில் வைத்தால் வண்டி போகும், நிற்காது. இப்படிப்பட்ட விபரீதத்தைத் தடுக்கத்தான் சட்டம் என்றால் அதற்கு என் சல்யூட். ஆனால் 2ஜேஇசட்டையும் கம்பெனியே வைத்த இசுசூவையும் அதே கதவில் நிறுத்துகிறதே, அதுதான் வருத்தம். பிரேக்கைச் சோதித்து, எடையைப் பார்த்து, மவுண்டிங்கைத் தட்டிப் பார்த்து 'இது சரி, அது தவறு' என்று சொல்ல ஒரு பொறியாளர் போதும். தற்போது நடப்பதோ பென்சிலால் எஞ்சின் நம்பரைத் தேய்த்துப் பார்ப்பது.

இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. எஞ்சினையே கழற்றி எறிந்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்சாரக் கிட் பொருத்தினால் உரிய நடைமுறைப்படி நீங்களே பதிந்துகொடுப்பீர்கள். பெட்ரோலுக்குப் பதில் பேட்டரி என்றால் நியாயமான மாற்றம், பெட்ரோலுக்குப் பதில் கொஞ்சம் நல்ல பெட்ரோல் என்றால் அடிப்படையையே குலைப்பது. சூழலுக்கு நல்லது என்பதால் இதை நான் எதிர்க்கவில்லை. அந்தக் கிட்டின் விலைக்கு இன்னும் சில அம்பாசிடர்கள் வாங்கி, மேற்சொன்ன பத்து வண்டிக் கணக்கை நோக்கி நகரலாமே என்றுதான் யோசிக்கிறேன்.

2031வரை பொறுத்தால் வண்டிக்கு ஐம்பது நிறையும். அப்போது 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 20,000 ரூபாய் கட்டிப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். அதற்கு எஞ்சின் மூல வடிவிலேயே இருக்க வேண்டும், அதாவது ஆயில் குடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். பதிந்தபின் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், எரிபொருள் நிரப்பப் போகலாம், பராமரிப்புக்குப் போகலாம். ஆக, வாரம்தோறும் பெட்ரோல் பங்குக்குச் சுற்றுலா போகச் சட்டம் எனக்கு வழி செய்திருக்கிறது.

கடைசியாகத் தண்டனை. பிரிவு 182ஏ-யைப் படித்துவிட்டேன். ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சிறையை விட்டுவிடுவோம். மாற்றத்துக்கு இத்தனை என்று தெளிவாக எழுதிய ஒரே எஸ்டிமேட் இதுதான். எங்கள் மேஸ்திரியிடம் இப்படி ஒன்றை எவ்வளவு கெஞ்சியும் வாங்க முடியவில்லை. ஆகவே கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன்: எஞ்சின் ஒன்று, ஷாஃப்ட் ஒன்று, ரேடியேட்டர் ஒன்று. கியர் பாக்ஸில் மட்டும் சிக்கல். பழைய கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருந்தது. இசுசூவுக்குத் தரையில் லீவர், அதற்குத் தளத்தில் ஓட்டை போட வேண்டும். கியர் பாக்ஸும் ஓட்டையும் சேர்ந்து ஒரு மாற்றமா, இரண்டா என்பதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். மேஸ்திரி ஓட்டைக்குத் தனிக் கூலி கேட்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரே ஒரு வண்டிக்காரன்