மீட்டருக்கு ஒரு டத்தோ பட்டம்

பினாங்கு ஆளுநரின் பிறந்தநாள் பட்டமளிப்புப் பட்டியலில் இந்த முறை தண்ணீர் மீட்டரின் பெயரையும் சேர்க்குமாறு பணிவோடு முன்மொழிகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விடுப்பு எடுக்காமல், பத்திரிகையாளர் கூட்டம் வைக்காமல், தேர்தலுக்கு முன் ஒரு கணக்கும் பின் ஒரு கணக்கும் காட்டாமல் வேலை பார்க்கும் ஊழியர் இந்த மாநிலத்தில் வேறு யார்? பாட்டி கால் கழுவினாலும் எழுதிக்கொள்கிறது. பிள்ளை குழாயைச் சரியாக மூடாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாலும் எழுதிக்கொள்கிறது. மாலை போடலாம், பொன்னாடை போர்த்தலாம். ஆள் குட்டை என்பதால் துண்டே போதும்.

ஒரே ஒரு குறை. இவ்வளவு நேர்மையான ஊழியரைக் குழாயின் கடைசி முனையில், நம் வீட்டு வாசலில் மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, நமக்கு முன்னால் நடக்கும் கூத்துக்கெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மொத்த மீட்டர் பொருத்திய அடுக்குமாடியில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றால் மூன்று சண்டை உறுதி: கார் நிறுத்தும் இடம், பழுதான லிஃப்ட், அப்புறம் இது. தனி மீட்டருக்கு மாறுவதா வேண்டாமா? எங்கள் பத்து காவானில் செம்பனை நின்ற இடமெல்லாம் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கும் காலத்தில் இது சின்ன கேள்வி இல்லை.

மொத்த மீட்டரின் லட்சணம் இதுதான். கட்டடத்தின் வாசலில் பெரிய மீட்டர் ஒன்று. தண்ணீர் நிறுவனத்துக்குத் தெரிந்த ஒரே வாடிக்கையாளர் அது. உள்ளே போன தண்ணீர் கீழ்த் தொட்டியில் விழுந்து, பம்ப் ஏறி, மொட்டை மாடித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து வீடு வீடாக இறங்கும். இந்தப் பயணத்தில் மிதவை வால்வு கெட்டு இரவெல்லாம் வழிந்தாலும், சுவருக்குள் குழாய் கசிந்தாலும், காவலாளி யாருடைய காரைக் கழுவினாலும் எல்லாம் அந்த ஒரே பில்லில் ஏறும். வீட்டுக்கு வீடு குட்டி மீட்டர் வைத்து நிர்வாகமே கணக்கெடுக்கும் இடங்களும் உண்டு. ஆனால் குட்டி மீட்டர்களின் கூட்டுத்தொகையும் பெரிய மீட்டரின் தொகையும் சந்தித்துக்கொள்வதே இல்லை. நடுவில் விழும் துண்டைப் பராமரிப்புக் கட்டணத்தில் போட்டு எல்லார் தலையிலும் கட்டுவார்கள்.

அதைவிடக் கொடுமை பாக்கி. பத்து வீட்டில் நாலு வீடு பராமரிப்புக் கட்டணம் கட்டாது. அந்த நால்வரில் இருவருக்கு உண்மையிலேயே முடியாது. மற்ற இருவருக்கு மனமில்லை. நிர்வாகக் குழுவின் கையில் காசு குறையும், தண்ணீர் பில் நிற்கும், ஒருநாள் சிவப்பு எழுத்தில் கடிதம் வரும். வெட்டினால் கட்டாதவன் வீட்டை மட்டுமா வெட்ட முடியும்? வாசலில் இருப்பது ஒரே வால்வு. மாதம் தவறாமல் கட்டிய ஓய்வூதியக்காரரும் வாளி தூக்குவார், கட்டாதவரும் தூக்குவார். நம் நாட்டில் இன, மத, மொழி பேதம் பாராமல் சமத்துவம் நிலவும் இடம் இதுதான். சுற்றுலாத் துறை படம் எடுத்துப் போடலாம்.

சரி, தனி மீட்டருக்கு மாறலாம் என்று கை தூக்கினால்? கட்டடத்துக்குள் இருக்கும் குழாய் உங்கள் சொத்து, எங்கள் வேலை மீட்டர் வரைக்கும்தான் என்று நிறுவனம் கை கழுவும். ஆக வீட்டுக்கு வீடு புதுக் குழாய் இழுக்க வேண்டும், மீட்டர்களை ஆள் வந்து படிக்கத் தோதான இடத்தில் வரிசையாக வைக்க வேண்டும், உரிமம் பெற்ற குழாய்க்காரரைப் பிடிக்க வேண்டும், வைப்புத்தொகை கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய பாக்கி. முந்தைய நிர்வாகக் குழு விட்டுப்போன பாக்கியை இந்தக் குழு தீர்க்க வேண்டும். முந்தைய குழுவின் தலைவர் வீட்டை விற்றுவிட்டுப் போய் நாளாகியிருக்கும். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாக்கிக்காரரைத் துரத்தலாம், தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். இழுக்கும் செயலாளர் மறுநாள் அதே லிஃப்டில் அவரோடு ஏற வேண்டும். அதனால் இழுப்பதில்லை.

மற்ற ஊர்களில் மீட்டர் விஷயம் எப்படி என்று பாருங்கள். இங்கிலாந்தில் பல வீடுகளுக்கு மீட்டரே கிடையாது. வேண்டுமானால் கேட்டுப் பெறலாம், பிடிக்காவிட்டால் குறிப்பிட்ட காலத்துக்குள் பழைய முறைக்கே திரும்பவும் வழி வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தில் 2014இல் மீட்டர் வைத்துக் காசு கேட்கப் போனபோது ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். 2016இல் கட்டணத்தை நிறுத்தி, பிறகு கட்டியவர்களுக்குத் திருப்பியும் கொடுத்தார்கள். சென்னையிலோ பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் இல்லை, பல நாள் தண்ணீரும் இல்லை. லாரி வந்தால் குடத்தின் எண்ணிக்கைதான் அளவு. நமக்கு மட்டும் 'விருப்பம்' என்ற சொல்லை விண்ணப்பப் படிவத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அதற்குக் கீழே எட்டு நிபந்தனை எழுதுவார்கள்.

சிலாங்கூரில் 2008 ஜூனில் மாதம் 20 கனமீட்டர் தண்ணீர் இலவசம் என்று அறிவித்தபோது மேசை தட்டாதவர் இல்லை. மொத்த மீட்டர் அடுக்குமாடிகளில் இருந்த ஏழைகளுக்குத்தான் அது முதலில் எட்டவில்லை. தனி மீட்டர் உள்ளவனுக்கே சலுகை. மலிவு விலை வீட்டில் இருப்பவன் வெறும் கையோடு நிற்க, தரை வீட்டுக்காரர் இலவசத் தண்ணீரில் பூஞ்செடிக்கு ஊற்றினார். ஏழைக்கென்று திட்டம் போடுகிறவர்கள் ஏழை எங்கே குடியிருக்கிறான் என்று ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம்.

இப்போது குழாயின் மறுமுனைக்கு வருவோம். பினாங்கின் கச்சா நீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆற்றின் தலை கெடாவின் உலு மூடா காட்டில் இருக்கிறது. அங்கே மரம் வெட்டு நடக்கிறது என்று ஆண்டுக்கணக்காகக் கூப்பாடு. கெடா மந்திரி புசார் சனுசியோ, தண்ணீருக்கு ஆண்டுக்கு 5 கோடி வெள்ளி வை என்கிறார். எங்கள் கரையில் எடுக்கிறோம், தர முடியாது என்கிறது பினாங்கு. மரம் பேசுவதில்லை, ஆறும் பேசுவதில்லை. இரண்டு மாநிலமும் அறிக்கை விடுவதற்குச் செலவழிக்கும் தண்ணீரை அளக்க மட்டும் எந்த மீட்டரும் கிடையாது.

காட்டைத் தாண்டி சுங்கை டுவா ஆலைக்கு வந்து சுத்திகரிக்கப்பட்ட தண்ணீராவது நம் வீட்டுக்கு முழுதாக வருகிறதா? பினாங்கில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் கால் பங்கு அளவுக்குப் பில்லில் ஏறாமலே போகிறது. நாடு முழுவதுக்கும் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பழங்குழாய்க் கசிவு, திருட்டு, கிழட்டு மீட்டரின் குறைக் கணக்கு எல்லாம் இதில் அடக்கம். நம் மாநிலம் மற்றவர்களைவிடப் பரவாயில்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். முன்பு இதே மாநிலத்தில் இந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தது என்பதை மட்டும் அதே மூச்சில் சொல்வதில்லை. வீட்டில் ஒரு குழாய் சொட்டினால் 'பொறுப்பற்ற பயனீட்டாளர்' என்று விளம்பரம் போட்டு அறிவுரை. சாலைக்கடியில் ஆறே சொட்டினால் அது புள்ளிவிவரம்.

மீட்டர் மூப்படைந்தால் குறைவாகக் காட்டும், அதனால் குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு புதிது மாட்ட வேண்டும் என்பது நியாயமான தொழில்நுட்பம். நான் மறுக்கவில்லை. இதே நியாயத்தை மூப்படைந்த குழாய்க்கும் மூப்படைந்த வால்வுக்கும் யார் நினைவூட்டுவது? 2024 ஜனவரி 10 முதல் 14 வரை மாநிலம் கண்ட நாலு நாள் ஞாபகம் இருக்கும். சுங்கை டுவாவில் பெரிய வால்வுகளை மாற்றப் போய் 5,90,490 பயனீட்டாளர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. ஒரு லட்சம் குறைந்தாலும் கூடினாலும் வாளி தூக்கிய தோளுக்கு ஒன்றுதான். ஆனாலும் கடைசி 90 வரைக்கும் எண்ணி அறிவித்த துல்லியத்தைப் பாராட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களை எண்ணுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் திரும்பியபோது குழாய் முதலில் காற்றைத் துப்பியது. காற்று அடித்தாலும் மீட்டர்ச் சக்கரம் சுழலும் என்பது குழாய் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். காற்றையும் காசு கொடுத்து வாங்கினோமா என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அந்த வாளிகளைக் கவிழ்த்துக் காயவைப்பதற்குள் பிப்ரவரி 1 வந்தது. தீபகற்பம் முழுவதற்கும் லாபுவானுக்கும் சேர்த்துத் தேசிய நீர்ச்சேவை ஆணையம் கட்டணத்தைக் கனமீட்டருக்குச் சராசரி 22 சென் ஏற்றியது. பினாங்கில் அதுவரை வீட்டுக்கு முதல் 20 கனமீட்டருக்குக் கனமீட்டர் 22 சென்தான். அதாவது ஒரு குடும்பம் மாதம் முழுக்கக் குளித்து, துவைத்து, சமைத்தால் 4 வெள்ளி 40 சென். இரண்டு கிளாஸ் தே தாரேக்குக்கு ஈடு. இவ்வளவு மலிவாக விற்றால் குழாயை எப்படி மாற்றுவது என்பது நிறுவனத்தின் வாதம். இதில் உண்மை இருக்கிறது. தொழிற்சாலைகள் கூடுதல் விலை கொடுத்துத்தான் நம் மலிவைத் தாங்குகின்றன என்பதிலும் உண்மை இருக்கிறது. அப்படியானால் இருபது ஆண்டுகளாக 'நாட்டிலேயே மலிவான தண்ணீர்' என்று மேடைதோறும் மார் தட்டி ஓட்டு வாங்கியது யார்? குழாய் அழுகிக்கொண்டிருந்தபோது அந்த மலிவு சாதனை. குழாய் வெடித்த பிறகு அதே மலிவு மக்கள் செய்த குற்றம்.

குற்றப்பத்திரிகையில் இன்னொரு வரியும் உண்டு. பினாங்குக்காரர்கள் தலைக்கு நாளுக்கு 270 லிட்டருக்கு மேல் இறைக்கிறார்களாம், நாட்டிலேயே அதிகமாம். தலைக்கு என்று சொல்லும்போது எந்தத் தலை என்று பார்க்க வேண்டும். நீச்சல் குளம் வைத்த மலையோர பங்களாவின் தலையும், ஒரே குளியலறைக்கு ஏழு பேர் வரிசை நிற்கும் அடுக்குமாடியின் தலையும் சேர்த்து வகுத்தால் வருவதுதான் இந்தச் சராசரி. இரண்டு வாசலிலும் மீட்டர் இருக்கிறது, எங்கே எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும். தெரிந்தும் எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்துத் திட்டுகிறார்கள்.

நம்மை மட்டும் அளந்துவிட்டு மற்றதை அளக்காமல் விடுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பத்து காவான் ஒருகாலத்தில் கரும்புக் காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மாவட்டத்தின் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய்ச் செம்பனை. லயத்தில் ஒரு வரிசைக்கு ஒரு குழாய், அதற்கும் நேரம் உண்டு. வெட்டிய கரும்பையும் இறக்கிய பாலையும் கிராணி தராசில் நிறுத்தி நோட்டில் எழுதுவார். குடிக்கும் தண்ணீர் கலங்கலா தெளிவா என்று எழுத நோட்டில் பத்தி இருந்ததில்லை. தோட்டத் தொழிலாளர் வீட்டுக்கு முதலாளி இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தர வேண்டும் என்று 1990இல் தெளிவாகச் சட்டம் எழுதினார்கள். பிறகு பத்து காவான் தோட்டத்தையே பினாங்கு மேம்பாட்டுக் கழகம் எடுத்துக்கொண்டது, பின்னாளில் அது தொழிற்பேட்டையானது. உரிமை கிடைத்தது, லயம் போனது.

இன்று அதே மண்ணில் மைக்ரோன், போஷ் என்று உலகப் பெயர்கள். கடல்மேல் 2014இல் திறந்த 24 கிலோமீட்டர்ப் பாலம், 2019 முதல் ஐகியா. அந்த 1990 சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் தோட்டத்தைத் தாண்டி மற்றத் தொழிலாளர் விடுதிகளுக்கும் பொருந்துகிறது. ஏன் திருத்த வேண்டி வந்தது? லயத்தில் நம் தாத்தா நின்ற வரிசையில் இப்போது நேப்பாளியும் வங்காளதேசியும் வாளியோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு மொத்த மீட்டரா தனி மீட்டரா என்று கேட்க எந்தப் பொதுக்கூட்டமும் இல்லை.

எனக்குக் கூட்டம் உண்டு, ஓட்டும் உண்டு. தனி மீட்டருக்கு மாறலாம் என்றே கை தூக்குவேன். கட்டியவனையும் கட்டாதவனையும் ஒரே வால்வில் தூக்கில் போடும் ஏற்பாட்டுக்கு இன்னொரு ஆண்டு ஆயுள் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் செயலாளர் ஐயா, கூட்டக் குறிப்பில் இன்னும் சிலவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நம் வீட்டு மீட்டரை மாதாமாதம் படிப்பதுபோல, பத்து காவானுக்கு அனுப்பிய தண்ணீர் எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு, நடுவில் காணாமல் போனது எவ்வளவு என்று மாதாமாதம் நம் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தொழிற்பேட்டை இன்னும் விரியும்போது எவ்வளவு தண்ணீர் ஒதுக்குகிறார்கள் என்பதையும் அதன் கீழே எழுதட்டும். முன்கூட்டி அறிவிக்காமல் தண்ணீர் நின்ற ஒவ்வொரு நாளுக்கும் பில்லில் கழிவு வேண்டும். கழிவு இல்லையென்றால், நாம் பில் கட்டத் தாமதித்தால் வரும் அதே சிவப்புக் கடிதத்தை அவர்களுக்கு நாமும் அனுப்பலாம் என்று தீர்மானம் போடுங்கள்.

யாருக்கு அனுப்புவது என்று பின் வரிசையில் கேட்கிறார்கள். இந்தத் தொகுதியில் 2008இல் பதினெட்டு ஆண்டு முதலமைச்சராக இருந்த கோ சூ கூனையே பி. இராமசாமியிடம் தோற்கவைத்து வீட்டுக்கு அனுப்பியவர்கள் நாம். ஆகவே கடிதம் எழுதக் கூச்சம் வேண்டாம். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒன்று, மாநில முதலமைச்சருக்கு ஒன்று, தண்ணீர் நிறுவனத்தின் தலைவருக்கு ஒன்று என்று மூன்று நகல் எடுக்கவும் வேண்டாம். 2022இல் இங்கே வென்ற சௌ கொன் இயோவே மூன்றும். ஒரு நகல் போதும். கொடுக்கும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.