15 நாள் கூலி, 14 நாள் சென்சார்

விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் இடம் பார்த்தவர்கள் கெட்டிக்காரர்கள். வட்டாரத்துக் கரும்பெல்லாம் டிராக்டர் ஏறி வந்து சேரும் ராஜஸ்ரீ சர்க்கரை ஆலையும் இங்கேதான். 2010-ல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இங்கேதான். மூட்டையில் வெளியே போவது ரத்தத்தில் திரும்பி வந்து சேர வெகுதூரம் போக வேண்டியதில்லை. லாரி வாடகை மிச்சம்.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் வெள்ளை சென்சார் வில்லை, பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் அடியிலிருந்து மயிரிழை போன்ற ஒன்று தோலுக்குள் அரை சென்டிமீட்டர் இறங்கி, திசுநீரில் இருக்கும் குளுக்கோஸை அளந்து செல்போனுக்குச் சொல்கிறது. கால் மணிக்கு ஓர் எண் என்று பதிந்தால்கூட நாளைக்கு 96. பதினான்கு நாள் முடிந்ததும், நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாலும், தானே உயிரை விட்டுவிடும். ஃபாஸ்டேக் மாதிரிதான்: காசு இருக்கும்வரை ராஜபாட்டை, தீர்ந்துவிட்டால் விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஓரங்கட்டு.

மாட்டிக்கொண்ட மகராசர்களின் பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம். விழுப்புரத்து வெயிலில் வியர்த்து ஓரம் பிய்கிறது, மேலே பிளாஸ்திரி. டவுன் பஸ்ஸில் பின்னால் நிற்பவர் தோள்பை இழுத்ததில் ஐயாயிரம் ரூபாய் வில்லை படிக்கட்டில் விழுகிறது. "கையில என்ன சார், சிப்பு வச்சிட்டாங்களா?" என்று டீக்கடையில் விசாரணை. ராத்திரி அந்தக் கையின் மேலேயே புரண்டு படுத்தால் சென்சார் நசுங்கிப் பொய்யாக 54 காட்டி அலறுகிறது. வீட்டம்மா பதறிச் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்ற, விடியும்போது நிஜமாகவே 220. கல்யாணப் பந்தியில் முதலில் செல்போன், அப்புறம்தான் இலை. ஜாங்கிரிக்கு அம்பு மேலே போகிறதா, மைசூர்பாவுக்கா என்று சம்பந்திகள் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

இவர்களுக்காவது நோய் இருக்கிறது. நோயே இல்லாதவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். இன்சுலின் போடாத, வயதுவந்த எவரும் மருந்துச்சீட்டே இல்லாமல் வாங்கிக்கொள்ளும் சென்சாருக்கு அமெரிக்கா 2024 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. பெங்களூருவில் மாம்பழம் சாப்பிட்டால் தன் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஒட்டிக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. தெரிந்துகொள்ளட்டும், பாவம். மாம்பழத்தைப் பற்றி மனிதகுலத்துக்கு வேறு எதுவும் தெரியாமல்தானே இருந்தது!

இனிக் கரும்பு வெட்டும் கைக்கு வருவோம். வில்லை ஒட்ட அங்கேயும் தோல் இருக்கிறது, விலைதான் ஒட்டவில்லை. ஒரு சென்சார் ஏறக்குறைய 5,000 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி நாளைக்கு 336 ரூபாயாக இருந்தது. பதினைந்து நாள் மண் வெட்டினால் பதினான்கு நாள் சென்சார். ஒரு நாள் கடன். நூறு நாளும் வேலை கொடுத்து, கூலியில் ஒரு பைசா குறைக்காமல் போட்டிருந்தாலும் ஏழு சென்சார் தேறியிருக்காது. வருஷத்துக்குத் தேவை 26. கரும்பு விவசாயியின் கணக்கு இன்னும் ருசி: மத்திய அரசு அந்தப் பருவத்துக்கு வைத்த விலை டன்னுக்கு 3,550 ரூபாய். வருஷம் முழுக்கத் தன் சர்க்கரையைப் பார்க்க அவர் ஏறக்குறைய ஒரு ஏக்கர் கரும்பைக் கொடுக்க வேண்டும். உரம், வெட்டுக்கூலி, வண்டி எல்லாம் அவருடைய அன்பளிப்பு.

ஏழைக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்றால் நாக்கு அழுகிவிடும். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. நல்ல காரியம், கும்பிடலாம். கூடவே ரேஷனில் அரிசியும் வருகிறது. 2025 பொங்கலுக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு வந்தது. அரிசி வேண்டாம், சர்க்கரையைக் கூட்டிக்கொடுங்கள் என்பவர்களுக்குச் 'சர்க்கரை அட்டை' என்றே ஒரு குடும்ப அட்டை வைத்திருக்கும் மாநிலம் இது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் வெளியானபோது நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்றது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். எங்கிருந்து வந்தது இந்த நோய் என்று கருத்தரங்கு போட்டுத் தேடுகிறார்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. தினமும் அரை மணி நேரம் நடக்கவும். யார்? விடிகாலையில் கழனிக்கு நடந்து, நாள் முழுக்கக் குனிந்து வெட்டி, இருட்டியபின் நடந்தே திரும்புகிறவள். ஓட்ஸ், பாதாம், ஆப்பிள் சேர்க்கவும். டீயில் சர்க்கரையைத் தவிர்க்கவும். சர்க்கரை போட்ட டீதான் அவளுடைய காலைச் சாப்பாடு என்பது சீட்டு அடித்தவருக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை வெறும் வயிற்றில் ஓர் எண், சாப்பிட்டபின் ஓர் எண். அதைப் பார்த்துவிட்டு ஒரு திட்டு: "வாயைக் கட்டும்மா." 96 எண் பார்க்கிறவருக்கு ஆலோசனை, இரண்டு எண் பார்க்கிறவளுக்கு ஏச்சு.

சிரித்தது போதும். டைப் 1 நோயோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எந்த வாயைக் கட்ட வேண்டும்? அதன் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை. ஊசி இல்லையென்றால் உயிர் இல்லை. போட்ட ஊசி கொஞ்சம் கூடினால் தூக்கத்திலேயே சர்க்கரை சரிந்துவிடும். பணம் இருக்கும் வீட்டில் சென்சார் எழுப்பும். இல்லாத வீட்டில் தாய் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, தூங்கும் குழந்தையின் விரலைக் குத்திப் பார்ப்பாள். ராத்திரி 40, பகலில் 260 என்று தூளி ஆடினால் சராசரி 150. காகிதத்தில் குழந்தை பரவாயில்லை. இங்கிலாந்தில் டைப் 1 உள்ள எல்லோருக்கும் சென்சார் தர வேண்டும் என்று அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2022-லேயே வந்துவிட்டது. இங்கே சிறுநீரகம் செத்தபின் டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் வழி உண்டு. சாகாமல் காக்கும் வில்லைக்கு மெடிக்கல் ஷாப்தான் வழி. கெட்டபின் லட்சம் கொடுப்பார்களாம், கெடுமுன் ஆயிரம் கொடுக்க மாட்டார்களாம். இந்தப் புத்திக்குப் பெயர் நிதி மேலாண்மை.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை 1923-ல் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பாண்டிங் பிறந்த நவம்பர் 14-தான் உலக சர்க்கரை நோய் நாள். நம் ஊரில் அன்றைக்கே குழந்தைகள் தினம். நாள்காட்டியே நம் அமைச்சர்கள் முகத்துக்கு நேரே விரல் நீட்டுகிறது. அவர்களோ நீல பலூன் விட்டு விழிப்புணர்வுப் பேரணிக்குக் கொடியசைக்கிறார்கள்.

அடுத்த நவம்பர் 14-க்குப் பேரணி வேண்டாம். பேனர், பலூன், தொப்பி, பிஸ்கட் செலவைக் கூட்டி, இன்சுலின் போடும் பிள்ளைகளின் கையில் சென்சாராக ஒட்டுங்கள். போதவில்லையென்றால் பட்ஜெட்டில் எழுதுங்கள். நடப்பதற்கு எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த மாவட்டமே நடந்துதான் கூலிக்குப் போகிறது.